கபோ சந்தைக்குப் பின்னால் ஓடிய பஞ்சாபிப் படங்கள்

போன மாதம் நம் பட விநியோகக் கம்பனியில் எனக்குப் பிரியாவிடை வைத்தபோது உங்களில் ஒருவர் எழுந்து, "அக்கா, யாழ்ப்பாணத்து ஆள் நீங்கள், எப்பிடிப் பஞ்சாபிப் படங்களுக்குப் பொறுப்பா வந்தனீங்கள்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டு கேக்கை வெட்டினேன். அந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறேன், நேரமும் இருக்கிறது. எழுதுகிறேன்.

இன்றைக்கு நீங்கள் ஒரு பஞ்சாபிப் படத்தை அங்கே வெளியாகிற நாளிலேயே இத்தாலியிலும் ஜெர்மனியிலும் நல்ல தியேட்டர்களில் போடுகிறீர்கள். அந்தப் படங்களில் பாதி கனடாவிலும் லண்டனிலும் எடுக்கப்படுகின்றன. குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். தொண்ணூறுகளில் நான் தொடங்கியபோது இது எதுவும் இல்லை. சிசிலித் தீவில், பலெர்மோவில் ஒரு பழைய தியேட்டரும், கசெட்டுகளும், ஒரு சர்க்கஸ் கம்பனியும் இருந்தன.

அந்தத் தியேட்டர் கபோ சந்தைக்குப் பின்னால் இருந்தது. நான் காலையில் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்துவிட்டு, பிற்பகலில் அங்கே கூட்டித் துடைக்கப் போவேன். சொந்தக்காரர் சிஞ்ஞோர் தொத்தோ. எல்லோரும் வீட்டிலிருந்து டெலிவிஷன் பார்க்கத் தொடங்கிய பிறகு அவருடைய கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன. ஒருநாள் அவர், "உங்கட ஆக்கள் படம் பாக்க மாட்டினமோ?" என்று என்னைக் கேட்டார். வீட்டு வேலை செய்கிற எங்கள் ஆட்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. அந்த நேரத்தில் தமிழ்ப் படக் கசெட்டுகளைப் பெரிய திரையில் போடத் தொடங்கினோம். ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் முன்வரிசையில் சிசிலியன் கலந்த தமிழில் சண்டை பிடித்தார்கள். ஒரு வருடத்தில் விளக்குமாற்றை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நான் படம் போடுகிற ஆளாகிவிட்டேன்.

ஒரு குளிர்காலம், பிரான்காச்சோவில் ஒரு வெறும் காணியில் சர்க்கஸ் ஒன்று கூடாரம் அடித்தது. கூடாரம் தூக்குகிறவர்கள், மிருகங்களைப் பார்க்கிறவர்கள் என்று அதில் முப்பது பேருக்கு மேல் பஞ்சாபிகள். அவர்களுக்குத் தலையாள் போல இருந்தவர் ஜீத். நாற்பது வயதிருக்கும், கறுப்புத் தலைப்பாகை. பஸ் ஏறி வந்து சிஞ்ஞோர் தொத்தோவோடு கதைத்துவிட்டு என்னிடம் வந்தார். என்னை 'பெஹன்ஜி' என்று கூப்பிட்டார். அக்கா என்பதற்கு அவர்கள் சொல். நாங்கள் இருவரும் கதைத்தது உடைந்த இத்தாலியனில். என் ஞாபகத்தில் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"வியாழக்கிழமை எங்களுக்கும் காட்சி இல்லை பெஹன்ஜி. எங்கட படம் ஒண்டு போடுவியளோ?"

"ஓம், போடலாம்" என்றேன்.

அங்கேதான் என் முதல் பிழை. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. இந்தியர்கள் என்றால் இந்திப் படம் என்று நினைத்தேன். நல்ல படமாக, பெயர்போன நடிகர்களாக, கல்யாணப் பாட்டில் ஐம்பது பேர் தலைப்பாகையோடு ஆடுகிற படமாகத் தேடி எடுத்தேன். அன்றைக்கு முப்பது பேரும் குளித்து, சட்டை மடிப்புக் குலையாமல் வந்து இருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு பார்த்தால் பாதிக் கதிரை வெறுமை. வெளியே மீன்காரனின் மேசைக்குப் பக்கத்தில் சேர்ந்து நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கோபம் ஒன்றுமில்லை. படம் முடிந்ததும் ஜீத் வந்து நன்றிகூடச் சொன்னார்.

"ஏன் வெளியிலை போனவை? படம் பிடிக்கேல்லையோ?"

அவர் திருப்பிக் கேட்டார்: "நீங்கள் சிலோன்தானே? உங்களுக்கு ஒரு சிங்களப் படத்தைப் போட்டு, இந்தாங்கோ உங்கட படம் எண்டு சொன்னால் இருந்து பாப்பியளோ?"

எனக்கு முகம் சுட்டது. எந்த ஆட்களைப் பார்த்தாலும் "நீங்கள் எல்லாம் ஒன்றுதானே" என்று சொல்கிற, விசாப் பதிகிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவின் உத்தியோகத்தரை நாங்கள் எத்தனை தரம் திட்டியிருப்போம்! நானே அதைச் செய்திருக்கிறேன். இப்போது உங்கள் கணினியில் படத்தின் மொழி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புமுன் யாராவது ஒருவரிடம் வாயால் கேளுங்கள். வீட்டிலே என்ன பாஷையில் சண்டை பிடிக்கிறீர்கள் என்று கேட்டால் சரியான பதில் வரும்.

பிறகு பஞ்சாபிக் கசெட் தேடினேன். லண்டனில் சவுத்தாலில் ஒரு பஞ்சாபி அம்மா மொத்தமாகக் கசெட் அனுப்புகிறார் என்று ஜீத்தான் தொலைபேசி இலக்கம் தந்தார். அந்த அம்மாவை நான் வாழ்க்கையில் நேரே பார்த்ததில்லை. பெயரையும் அவர் சொன்னதில்லை, 'கடை' என்றுதான் சொல்லுவார். எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித் தந்தவர் என்றால் அவர்தான். எங்கள் இருவருக்கும் இடையில் உடைந்த ஆங்கிலம்தான். முதல் தரம் நான் தொலைபேசி எடுத்தபோது என்ன நடிகர் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

"ஆர் வந்து இருக்கப்போகினம்? தனி ஆம்பிளையளோ, குடும்பமோ?"

"இப்போதைக்கு ஆம்பிளையள்."

"அப்ப படம் இருக்குது. குடும்பம் எண்டால் என்னட்டையே அவ்வளவா இல்லை."

அந்தக் காலத்துப் பஞ்சாபிப் படங்களில் காணிச் சண்டை, துவக்கு, பழிவாங்கல் இவைதான் என்று அவர் விளங்கப்படுத்தினார். பஞ்சாபில் பல வருடமாகக் கலவரம், பொலிஸ், ஊரடங்கு. பெண்கள் தியேட்டர்ப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள். படம் எடுக்கிறவர்களும் குறைந்துபோனார்கள். "ஆனால் சனம் விடேல்லை. லண்டனிலை கிழவியள் வந்து பழைய படத்தையே திருப்பித் திருப்பி எடுத்துக்கொண்டு போகுதுகள். கதைக்காக இல்லை. அந்த ஊர்ப் பேச்சுக் காதிலை விழோணும், அவ்வளவுதான்."

அவர் சொன்னதன் பொருள் அடுத்த வியாழக்கிழமை எனக்கு விளங்கியது. படம் தொடங்கி ஒரு நிமிடமும் ஆகவில்லை. கிளம்ப மறுக்கிற உழவு இயந்திரத்தை ஒருவன் ஏசினான். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முப்பது பேரும் கதிரையில் அடித்து அடித்துச் சிரித்தார்கள். ஒரு பெரிய மனிதர் கண்ணைத் துடைத்தார். பெரிய திரையில், பெரிய சத்தத்தில், தன் ஊர் ஏச்சைக் கேட்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு ஆசை இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

பாட்டு வந்தது, மேளம் வந்தது. அடுத்து வரப்போகிற தமிழ்ப் படத்துக்காகக் காத்திருந்த எங்கள் பிள்ளைகள் கதவடியில் நின்று எட்டிப் பார்த்தார்கள், பிறகு உள்ளே வந்து நடைபாதையில் ஆடினார்கள். அந்த வருடம் பலெர்மோவில் எந்தத் தமிழ்ச் சாமத்தியச் சடங்கும் அந்த மேளம் இல்லாமல் நடக்கவில்லை. "அந்தத் தலைப்பாக்காரற்றை பாட்டு இருக்கோ?" என்று தாய்மார் என்னிடம் வந்து கேட்டார்கள். மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருந்த மன்னார்ப் பிள்ளைகள்கூட நத்தார் ஒன்றுகூடலில் தோளைக் குலுக்கி ஆடினார்கள். யாரும் எவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. படம் ஓடியது, அது பரவியது.

இனிப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்றாவது குளிர்காலமாக இருக்கும். சர்க்கஸ் வழக்கம்போல வந்திருந்தது. லண்டன் அம்மா புதிதாக ஒரு கசெட் அனுப்பி, தொலைபேசியிலும் சொன்னார்: "இது வேறை மாதிரி. போட முன்னம் பார். பாத்துப்போட்டு யோசி."

பார்த்தேன். துவக்குப் படம் இல்லை. ஒரு கிராமத்து வீடு, தாய், இரண்டு ஆண்பிள்ளைகள். விடியற்காலையில் பொலிஸ் ஜீப் வருகிறது. மூத்தவன் தலைப்பாகை கட்டிக்கொண்டிருக்கிறான். பாதி கட்டினபடியே இழுத்துக்கொண்டு போகிறார்கள். தாய் அவனுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடுகிறாள். பிறகு படம் முழுக்க அவள் அலைகிறாள். பாஷை தெரியாமலே எனக்கு எல்லாம் விளங்கியது. இதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அழுதேன். இவ்வளவு நல்ல படம், இதைக் கட்டாயம் போடவேண்டும் என்று தீர்மானித்தேன்.

போட்டது பிழையா என்று கேட்டால் இன்றைக்கும் இல்லை என்பேன். யாரிடமும் சொல்லாமல் போட்டது பிழை. ஜீத் முதல்நாள் வந்து, "நாளைக்கு என்ன படம்?" என்று கேட்டார். "நல்ல படம்" என்றேன். மூன்று வருட அனுபவம், எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம். அந்த இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு எங்கள் ஆட்களும் சிலர் முன்கூட்டியே வந்து உள்ளே இருந்தார்கள். அவர்களில் தெரேசா அக்காவும் ஒருவர். மன்னாரைச் சேர்ந்தவர், வயதான ஒரு சிஞ்ஞோராவைப் பராமரிக்கிற வேலை. அவருடைய மூத்த மகனை ஊரில் ஒரு ராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

ஜீப் வந்தது. மூத்தவனை இழுத்தார்கள். தாய் செருப்போடு ஓடினாள். அப்போது நடுவரிசையிலிருந்து ஒருவர் எழுந்து திரையை நோக்கி நடந்தார். பல்பீர். கூடாரக் கயிறு கட்டுகிறவர், முப்பது வயது, அதிகம் வாய் திறக்காதவர். திரைக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய நிழல் அந்தத் தாயின் மேல் விழுந்தது. அவர் ஏதோ சத்தமாகச் சொன்னார். பின்னாலிருந்து சிலர் இருக்கச் சொல்லிக் கத்தினார்கள். கதவடியில் நின்ற ஜீத் என்னைப் பார்த்து, "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்றார்.

நான் கசெட்டை நிறுத்தினேன். அதுவும் கெட்டதாகப் போனது. ஒரு பொலிஸ்காரனின் கை அந்தப் பையனின் பிடரியில் இருந்த இடத்தில் படம் நின்று, கோடு கோடாக நடுங்கியது. சிஞ்ஞோர் தொத்தோ விளக்குப் போட ஓடினார். "விளக்குப் போட வேண்டாம்" என்று கத்தினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. அத்தனை பேருக்கு முன்னால் ஒரு மனிதனின் முகத்தில் வெளிச்சம் விழக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

பல்பீர் என் பக்கம் திரும்பினார். இப்போது இத்தாலியனில் கேட்டார்.

"பெஹன்ஜி, நீங்கள் இந்தப் படத்தை முழுக்கப் பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான்."

"அவன் வீட்டை வாறானோ?"

ஜீத் அவருக்குப் பின்னால் வந்து நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஓம் என்று சொல், சொல்லி இவனைக் கூட்டிக்கொண்டு போக விடு என்பது அந்தத் தலையாட்டல். எனக்கும் அதுதான் வாயில் வந்தது. ஓம் என்று சொன்னால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். பல்பீர் கேட்டது படத்தைப் பற்றி இல்லை என்பது எனக்கு விளங்கியது. எனக்கு அவருடைய கதை தெரியாது. தெரியாத கதைக்கு நான் எப்படி ஓம் சொல்ல?

"இல்லைத் தம்பி" என்றேன். "வரமாட்டான்."

அவர் திரையை விட்டு விலகி முன்வரிசைக் கதிரை ஒன்றில் இருந்தார். பிறகு, "அப்ப போடுங்கோ. பாப்பம்" என்றார்.

ஜீத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கிழமை முழுக்க யானைச் சாணி அள்ளிப்போட்டு இஞ்சை சிரிக்க வாறம். இதை ஏன் கொண்டுவந்து காட்டுறியள்?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். பத்துப் பேர் அவருக்குப் பின்னால் போனார்கள். என் கை பொத்தானில் இருந்தது, அழுத்த முடியவில்லை. திரும்பப் போடுவதா, விடுவதா? தெரேசா அக்கா எழுந்து வந்தார். என்னைக் கடந்து போகும்போது, "ஓட விடு பிள்ளை. அவர் பாக்கட்டும், நானும் பாக்கிறன்" என்றார். போய்ப் பல்பீருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

படம் முடிந்த பிறகு பல்பீர் கதிரைகளை நேராக்க எனக்கு உதவி செய்தார். செய்தபடியே சொன்னார். அவருடைய அண்ணனையும் ஒரு காலையில் கொண்டு போனார்கள். பொலிஸ் சொன்னது, அவன் தப்பி வெளிநாடு போய்விட்டான் என்று. தாய் அதை நம்பினாள், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொண்டாள். பல்பீர் இத்தாலிக்கு வந்த பிறகு ஒவ்வொரு கடிதத்திலும், 'அண்ணன் அங்கேதான் எங்கேயோ இருப்பான், தேடு' என்று எழுதினாள். சர்க்கஸ் என்றால் ஊர் ஊராகப் போகலாம் என்றுதான் அவர் அந்த வேலையில் சேர்ந்திருக்கிறார். ஒவ்வொரு ஊரிலும் ரயில் நிலையத்துக்குப் போய்த் தலைப்பாகைகளைப் பார்த்திருக்கிறார். "ஆறு வருசமா, 'தேடுறன் அம்மா, தேடுறன்' எண்டு எழுதிறன். அவன் இல்லை எண்டு எனக்குத் தெரியும் பெஹன்ஜி. ஆரும் எனக்கு வாயாலை சொன்னதில்லை."

அந்தக் குளிர்காலம் முடியும்வரை ஜீத் தியேட்டருக்கு வரவில்லை. நான் பஸ் ஏறிப் பிரான்காச்சோவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். நான் சொன்னதை அவர் யானைக்கு வைக்கோல் போட்டபடி கேட்டார், தலை நிமிராமலே சொன்னார்: "நீங்கள் நல்ல படம்தான் போட்டனீங்கள். எனக்குச் சொல்லியிருந்தால் அவனுக்குப் பக்கத்திலை நான் இருந்திருப்பன். கதவடியிலை நிண்டு கத்தியிருக்க மாட்டன்."

அடுத்த குளிர்காலம் அவரே வந்தார், படம் போடுவதற்கு இரண்டு நாள் முன்னதாக. "கசெட்டை இப்ப போடுங்கோ, ரெண்டு பேரும் பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு என் வேலை முழுக்க அப்படித்தான் நடந்தது. இத்தாலியின் வடக்கே போய்ப் பெரிய தியேட்டர்களில் படம் போட்ட காலத்திலும், ஊருக்கு ஒரு பஞ்சாபியைப் பிடித்து வைத்திருந்தேன்: பால்பண்ணைக்காரர், தபால்காரர், பள்ளிக்கூடத்து ஆயா. அவர்களோடு முதலில் பார்ப்பேன். சிரிப்புப் படமானாலும் பார்ப்பேன். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே பேசாமல் போகிறார்கள் என்று படத்தைவிட அவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் படங்களும் மாறத் தொடங்கின. காதல், நாட்டுப் பிரிவினை, வெளிநாடு போன பிள்ளைகள் என்று கதைகள் வந்தன. லண்டன் அம்மா ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார்: "இப்ப குடும்பத்தோடை பாக்க என்னட்டைப் படம் இருக்குது."

அந்த வருடம் ஜீத் வேறொரு கசெட்டையும் கொண்டு வந்தார். பல்பீர் சர்க்கஸை விட்டுவிட்டதாகச் சொன்னார். பொலிஸ் ஜீப் வந்த அந்தப் படத்தைப் பார்த்த கிழமையே தாய்க்கு எழுதியிருக்கிறார், இனித் தேடவில்லை என்று. தாயின் பதில் வர இரண்டு மாதம் எடுத்தது. 'நான்கு வருடத்துக்கு முன்னமே குருத்வாராவில் அவனுக்குக் கடைசிப் பிரார்த்தனை வைத்து முடித்துவிட்டேன், தூரத்தில் தனியே இருக்கிற உனக்குச் சொல்ல மனம் வரவில்லை' என்று எழுதியிருந்தாள். பல்பீர் வடக்கே ஒரு மாட்டுப்பண்ணையில் நிரந்தர வேலை எடுத்து, ஊருக்குப் போய்க் கல்யாணமும் செய்துவிட்டார். ஜீத் கையில் இருந்தது அந்தக் கல்யாண வீடியோ.

"படத்துக்கு முன்னம் ஒருக்காப் போடுவியளோ?"

"முதல்லை நாங்கள் பாக்கோணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். இருந்து பார்த்தோம்.

வியாழக்கிழமை போட்டோம். வீடியோ பிடித்தவர் அதைச் சினிமாப் படமாகவே செய்திருந்தார். பெயர்கள் சுழன்று சுழன்று வந்தன, ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு படப்பாட்டு. பல்பீர் குதிரையில் வந்தபோது கதாநாயகன் வருகிற இசை. தியேட்டர் முழுக்க விசில். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு ஏற்கெனவே பாடம், கூடப் பாடினார்கள். தெரேசா அக்கா முன்னால் குனிந்து, "எது தாய்? எது தாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மேளத்துக்கு ஆடுகிற பெண்களுக்கு நடுவிலிருந்து பல்பீரின் தாயை, ஒரு மெலிந்த கிழவியை, கமராவுக்கு முன்னால் இழுத்து விட்டார்கள். அவள் கூச்சத்தோடு கமராக்காரனிடம் ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் தெரேசா அக்கா.

"இது இத்தாலிக்குப் போகுமோ எண்டு கேக்கிறா" என்றார் ஜீத்.

போகும் என்று கமராக்காரன் சொல்லியிருக்கவேண்டும். அவள் தலையில் கிடந்த சால்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு நிமிர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, அங்கே எங்கேயோ இருக்கிற ஒருவன் பார்க்கட்டும் என்பதுபோல, எங்களைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நகரவில்லை.